தெர்மாகோல் இல்லாத வீட்டுப்பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா மட்டும் தயங்கி நின்றார். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். "டீச்சர், அடுத்த ப்ராஜெக்ட் எப்பன்னு கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா காசு சேத்து வச்சிக்குவேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கரண்ட் பில் எப்போது வரும் என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

அந்த மாதம் நான் கொடுத்திருந்த செயல்திட்டம் மழைநீர் சேகரிப்பு. அவர் மகள் கொண்டுவந்தது அழகான மாதிரி. வெள்ளைத் தெர்மாகோல் வீடு, பச்சைத் தாளில் புல்தரை, பிளாஸ்டிக் மரம் இரண்டு, நீல வண்ணம் அடித்த ஸ்ட்ராக் குழாய். 180 ரூபாய் ஆனதாம். ஸ்டேஷனரிக் கடைக்காரரே ஒட்டிக் கொடுத்துவிட்டார். நான் அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். வகுப்பில் தூக்கிக் காட்டினேன். தலைமையாசிரியர் அறை மேசையில் ஒரு மாதம் இருந்தது.

அதே நாளில் ஒரு பையனும் ஒன்று கொண்டுவந்தான். பனையோலையை மடித்துக் கூரை. பப்பாளி இலைக்காம்பு உள்ளே கூடாக இருக்கும் அல்லவா, அதை வெட்டிக் குழாய். கீழே தொட்டியாக ஒரு கொட்டாங்குச்சி. களிமண் ஒழுகி, ஓலை பிசிறு பிசிறாக, பார்க்க நன்றாகவே இல்லை. "சுத்தமா செய்யக் கூடாதாப்பா" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்த அம்மா பேசிவிட்டுப் போன பிறகு, வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பையன் செய்த கூரையில் தண்ணீர் ஊற்றினால் குழாய் வழியாக ஓடிக் கொட்டாங்குச்சியில் விழுந்தது. முழு மதிப்பெண் வாங்கிய வீட்டில் குழாய்க்குத் துளையே கிடையாது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஓடாது.

இந்தக் கட்டுரை அந்த நாளுக்குப் பிறகு வீட்டுப்பாடத்தில் நான் செய்துபார்த்த மாற்றங்களைப் பற்றியது. படைப்பாற்றலை வளர்க்கிறோம் என்று பாடக்குறிப்பில் நாம் எல்லோரும் எழுதுகிறோம். பள்ளியில் 40 நிமிடப் பாடவேளை, 35 பிள்ளைகள், முடிக்க வேண்டிய பகுதி என்று அதற்கு ஆயிரம் தடை. வீட்டில் மணி அடிப்பதில்லை. செய்ததைக் கலைத்துவிட்டு மறுபடியும் செய்யலாம். ஆனால் அந்த வீட்டு நேரத்தைத்தான் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டோம்.

நான் வைத்த விதிகள் எளியவை. ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், அவர்களைச் செய்துதரச் சொல்லக் கூடாது. செய்த பொருளோடு, "முதலில் எது சரிவரவில்லை, என்ன மாற்றினேன்" என்று நான்கு வரி எழுத வேண்டும். பிறகு ஒரு விதி தானாகச் சேர்ந்தது. ஒரு மாணவன் மிக்சி ஜார் மூடியின் வாஷரைக் கழற்றி வண்டிக்குச் சக்கரமாக்கிவிட்டான். மறுநாள் காலை சட்னி அரைக்க முடியாத அம்மா நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இன்னும் வேலையில் இருக்கும் பொருளைத் தொடக் கூடாது.

கொட்டாங்குச்சியும் கில்ஃபோர்டும்

பி.எட். படித்தபோது குவிசிந்தனை, விரிசிந்தனை என்று படித்துத் தேர்வெழுதியிருப்போம். ஒரே சரியான விடையை நோக்கிப் போவது முதலாவது. ஒரு கேள்வியிலிருந்து பல விடைகளுக்குக் கிளை பிரிவது இரண்டாவது. அமெரிக்க உளவியலாளர் ஜே.பி. கில்ஃபோர்டு 1950இல் அமெரிக்க உளவியல் கழகத் தலைவராக ஆற்றிய உரையில், படைப்பாற்றலை நம் துறை கண்டுகொள்ளாமலே விட்டுவிட்டது என்று எடுத்துச் சொன்னார். செங்கல் போன்ற ஒரு சாதாரணப் பொருளைக் கொடுத்து எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்கும் சோதனை அவர் வழியில் வந்ததுதான். விடைகள் எத்தனை என்பது சரளம். எத்தனை வகை என்பது நெகிழ்வு. மற்றவர்களுக்குத் தோன்றாதது தனித்தன்மை. தேர்வுக்கு மனப்பாடம் செய்த இந்தச் சொற்கள் எனக்கு உண்மையில் புரிந்தது கொட்டாங்குச்சியை வைத்துத்தான்.

"கொட்டாங்குச்சியை வைத்து என்னென்ன செய்யலாம்? வீட்டில் எல்லோரிடமும் கேட்டு 15 எழுதி வாருங்கள்" என்றேன். ஏழு வரை எல்லோர் நோட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அகப்பை, அடுப்பெரிக்க, தண்ணீர் மொள்ள, உண்டியல், விளக்கு, பூச்செடி, விளையாட்டுத் தராசு. எட்டுக்கு மேல்தான் வீடுகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. அலமாரிக் காலுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் எறும்பு ஏறாது. இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும் சத்தம். ஓட்டை போட்டுத் துணி கட்டினால் மணல் வடிகட்டி. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பால் வடிக்க வைப்பார்கள், மாமா சொன்னார். ஒருத்தி "தாத்தா மொட்டைத் தலையில் கவிழ்த்தால் தொப்பி" என்று எழுதி அதை அடித்திருந்தாள். அடித்ததற்குக் கீழே நான் கோடு போட்டு "இதுவும் சரி" என்று எழுதினேன்.

பட்டியலில் பின்னால் வரும் விடைகள்தான் பெரும்பாலும் புதியவை என்று இத்துறை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முதலில் வருபவை நினைவிலிருந்து எடுத்தவை. அவை தீர்ந்த பிறகுதான் மனம் தேட ஆரம்பிக்கிறது. ஆகவே ஐந்து கேட்டால் போதாது. 15 கேட்க வேண்டும். ஒரே நாளில் கேட்காமல் மூன்று நாள் விட வேண்டும். வகுப்பறையில் இதே பயிற்சியைச் செய்தால் முதலில் கை தூக்கும் நான்கு பேர் சொல்வதோடு மணி அடித்துவிடும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு: எண்ணும் எழுத்தும் பிள்ளைகளுக்கு எழுத வராவிட்டால் வாயால் சொல்லட்டும், படம் போடட்டும். எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணட்டும். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்தே அதிகம்தான், ஆனால் அந்த வயதில் அவர்கள் சொல்வதில் பாதி நமக்குத் தோன்றவே தோன்றாது.

கோலத்தில் ஒளிந்திருந்த மீப்பெரு பொதுக் காரணி

என் அனுபவத்தில் வீட்டுப் படைப்பாற்றலுக்குக் கோலத்தைப் போல் ஒரு பொருள் கிடைக்கவில்லை. செலவில்லை. இடம் உண்டு. கற்றுத்தரப் பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ இருக்கிறார். முக்கியமாக, அதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. "உன் இஷ்டத்துக்கு எதையாவது செய்" என்றால் பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள், அல்லது மலை, சூரியன், தென்னைமரம், வீடு வரைவார்கள். புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டால் கை தானாக அலையும்.

ஆண் பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். ஓர் அப்பா, "பாடம் நடத்தாம கோலம் போடச் சொல்றாங்களா?" என்று மகனிடம் கேட்டாராம். நான் வாசலில் போடச் சொல்லவில்லை. கணக்கு நோட்டுக் கட்டங்களில் போடச் சொன்னேன். அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாது, சுற்றிப் போகும். மிக எளிய வகையை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளை வரிசையாகச் செவ்வகமாக வைக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில், மேல்கீழாக இருந்தாலும் பக்கவாட்டில் இருந்தாலும், இரண்டு இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்ட வேண்டும். ஓரத்துக்கு வந்தால் இழை வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். விதி இவ்வளவுதான். இப்போது கேள்வி: எடுத்த கையை எடுக்காமல் ஒரே இழையில் போட முடியுமா?

2 வரிசையில் மும்மூன்று புள்ளி வைத்தவர்களுக்கு ஒரே இழையில் முடிந்தது. 2 வரிசையில் நான்கு நான்கு வைத்தவர்களுக்கு இரண்டு இழை தேவைப்பட்டது. 3-க்கு 3 வைத்தால் மூன்று இழை. 3-க்கு 4 வைத்தால் மறுபடியும் ஒன்று. வீட்டிலிருந்து வந்த முப்பது நோட்டுகளிலிருந்து கரும்பலகையில் ஒரு பட்டியல் போட்டோம். 4-க்கு 6 வைத்தவனுக்கு இரண்டு இழை என்று எழுதியபோது பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "டீச்சர், இது மீப்பெரு பொதுக் காரணி!" என்று கத்தினாள். வரிசை எண்ணிக்கைக்கும், ஒரு வரிசையிலுள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை இழை. எனக்கு அது முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டேன்.

இது கணிதவியலாளர்கள் ஆராய்ந்த பொருள்தான். மொசாம்பிக்கில் பணியாற்றிய பவுலஸ் கெர்டெஸ், அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் வரையும் படங்களையும் நம் கோலங்களையும் வைத்து இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு இன்னும் பக்கத்தில், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும் 1970களிலேயே கோலங்களைக் கணினி மொழிக்கு இலக்கணம் எழுதுவது போல விதிகளாக எழுதிக் காட்டினார்கள். நம் மாணவிகளின் பாட்டிமார்கள் விடியற்காலையில் போடுவது ஆய்வுக்கட்டுரைப் பொருள் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. பாட்டிகளும் நம்பவில்லை.

கண்டுபிடிப்பு அதோடு முடிந்துவிட்டால் அது கணக்குப் பாடம்தான். படைப்பு அதற்குப் பிறகு வந்தது. 3-க்கு 3 கோலத்தில் மூன்று இழை இருக்கிறதே, அதை ஒன்றாக்க முடியுமா என்று கேட்டேன். பதிலை ஒரு பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். "புள்ளிய மாத்தாத, ரெண்டு எடத்துல வெட்டிப் போவாம வளைச்சு உட்ரு." அதாவது, இழைகள் குறுக்காக வெட்டும் ஓரிடத்தில் அவற்றை வெட்டவிடாமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பிரித்துவிடுவது. வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இதைச் செய்தால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்றை ஒன்றாக்க இரண்டு இடம் போதும். ஒரே இழை தன்னையே வெட்டும் இடத்தில் செய்தால் சில சமயம் அது இரண்டாகப் பிரிந்தும் போகும். எந்த இரண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோலத்தின் உருவமே மாறும். ஒருவனுக்கு ஆமை போல வந்தது. ஒருத்திக்குப் பூட்டு போல. முப்பது பேருக்கும் ஒரே புள்ளி, ஒரே விதி. ஆனாலும் அந்த வாரம் நோட்டுகளைத் திருத்த எனக்குச் சலிக்கவே இல்லை.

உயர் வகுப்பு எடுப்பவர்கள் இடைப்புள்ளிக் கோலத்தைக் கொடுக்கலாம். 7 புள்ளியில் தொடங்கி இருபுறமும் 4 வரை வந்தால் மொத்தம் 37 புள்ளி. 5-இல் தொடங்கி 3 வரை என்றால் 19. 3-இல் தொடங்கி 2 வரை என்றால் 7. அடுத்து என்ன என்று கேட்டால் எண் தொடரில் போய் நிற்கும்.

ஈர்க்குச்சி, ஊறவைத்த பட்டாணி

நடுநிலை வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைப் பற்றி ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. கிராமத்தில் கிடைக்கும் பொருளை வைத்துப் பிள்ளைகளே சோதனை செய்து கற்பது என்பதுதான் அதன் அடிப்படை. புனேயில் லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டையும் வைத்து அவர் செய்த வடிவங்கள் பிறகு நாடெங்கும் பரவின. வாழ்நாள் முழுவதும் குப்பையிலிருந்து பொம்மை செய்துகாட்டிய அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வால்வு டியூப் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. என் ஒரு ரூபாய் விதியும் குறுக்கே நிற்கிறது. ஆகவே துடைப்பத்து ஈர்க்குச்சியும் இரவில் ஊறவைத்த பட்டாணியும். பட்டாணியில் ஈர்க்கைக் குத்தி முக்கோணம் செய்யச் சொல்லுங்கள். அழுத்தினால் உருவம் மாறாது. சதுரம் செய்தால் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். அதற்கு ஒரு மூலைவிட்டம் போட்டால் நின்றுவிடும். பிறகு ஒரு சவால்: 20 ஈர்க்குச்சிக்கு மேல் போகாமல், ஒரு கணக்கு நோட்டைத் தாங்கும் மேடை செய்யுங்கள். இதை வீட்டுக்குக் கொடுத்தபோது நடந்ததை ஒரு மாணவனின் நான்கு வரியில் படித்தேன். முதல் மேடை விழுந்ததாம். இரண்டாவதும் விழுந்ததாம். சென்ட்ரிங் வேலைக்குப் போகும் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, "குறுக்குக் கட்டு இல்லாம எந்தச் சாரம்டா நிக்கும்" என்றாராம். மூன்றாவது நின்றது. பட்டாணியை மறுநாள் குழம்பில் போட்டுவிட்டார்கள்.

சித்தப்பாவின் அந்த ஒரு வரிக்காகத்தான் "கேட்கலாம், செய்யச் சொல்லக் கூடாது" என்ற விதி. நம் பிள்ளைகளின் வீடுகளில் பட்டம் பெற்றவர்கள் குறைவாக இருக்கலாம். சாரம் கட்டுபவரும், தையல்காரரும், பலாப்பழம் சுளை சிதையாமல் அறுப்பவரும் இருக்கிறார்கள். 180 ரூபாய் மாதிரியில் அவர்கள் யாருக்கும் வேலையில்லை.

நட்சத்திரம் ஒட்டிய பிழை

முதல் ஆண்டு நான் இன்னொரு தவறும் செய்தேன். நன்றாகச் செய்தவர்களுக்கு நோட்டில் தங்க நிற நட்சத்திரம் ஒட்டினேன். மூன்றாவது வாரமே எல்லோரும் முதல் வாரம் நட்சத்திரம் வாங்கியதைப் போலவே செய்துகொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆமைக் கோலம் மட்டும் பதினொன்று வந்தது.

1973இல் வெளியான ஓர் ஆய்வு இதை விளக்குகிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் படம் வரைய விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, யாரும் சொல்லாமல் பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, முன்பே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். விருப்பத்தால் செய்தது பரிசுக்கான வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களிடம் இந்தக் குறைவு இல்லை.

பாராட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வளரறி மதிப்பீட்டில் நாம் மதிப்பெண் பதிந்தே ஆக வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது. நான் செய்வது, மதிப்பெண்ணை அந்த நான்கு வரிக்குப் போடுவது. எது சரிவரவில்லை, என்ன மாற்றினாய் என்பதற்கு. பொருள் அழகாக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பொருளைப் பார்த்துக் கேள்வி மட்டும் கேட்கிறேன். "இது எப்படித் தோணிச்சு?" "இந்த முடிச்சு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" தோற்றுப்போன பொருளைக்கூடக் கொண்டுவரலாம் என்று ஆனதும், ஒன்றுமே கொண்டுவராதவர்களின் எண்ணிக்கை குறைந்தது. "மறந்துட்டேன் டீச்சர்" என்பவர்களில் பலர் மறந்திருக்கவில்லை, செய்தது சரியாக வரவில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பப்பாளிக் காம்புப் பையனிடம் மறு ஆண்டு கேட்டேன். "அந்த மழைநீர்த் தொட்டி மறுபடி செய்வியாப்பா? ஏழாம் வகுப்புக்குக் காட்டணும்." அவன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு டீச்சர்" என்றான். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒற்றை அறை வீட்டில்

"வீட்டில் குழந்தைக்கென ஒரு மூலை ஒதுக்குங்கள்" என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஐந்து பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் மூலைக்கு எங்கே போவது? எங்கள் பிள்ளைகள் பழைய கட்டைப்பை ஒன்றை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, நூல்கண்டு, பேனா மூடி, புளியங்கொட்டை, கிழித்த நாட்காட்டித் தாள் எல்லாம் அதற்குள். "குப்பையச் சேக்கிறான்" என்ற திட்டு அடங்கியது. பையை வாரம் ஒருமுறை கொட்டிப் பார்ப்பதே சில பிள்ளைகளுக்கு வேலையைத் தொடங்கிவைக்கிறது.

பிளேடு வேண்டாம், கத்தரி போதும். பொம்மையிலிருந்து கழற்றிய பட்டன் பேட்டரி சின்னத் தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. எங்கள் பகுதியில் இன்னொன்று: முந்திரிக்கொட்டை ஓட்டை எக்காரணம் கொண்டும் பையில் சேர்க்கவிடாதீர்கள். அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். உடைக்கும் அம்மாக்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நம் வீட்டில்

பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை வீட்டுக்குப் போனால் சமையல், எமிஸ் பதிவு, பாடக்குறிப்பு, சொந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடம். இதில் படைப்பாற்றல் என்றால் சிரிப்புத்தான் வரும். எனக்கு உதவியது ஒரே ஒரு மாற்றம். நாளைய பாடத்தை இரவு பத்து மணிக்குப் படிப்பதை விட்டுவிட்டு, சமையலுக்கு முன் ஐந்து நிமிடம் புரட்டுகிறேன். அவ்வளவுதான். பிறகு அதை மறந்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன். கிரஹாம் வாலஸ் 1926இல் எழுதிய நூலில் படைப்புச் சிந்தனைக்கு ஆயத்தம், உள்வளர்ச்சி, உள்ளொளி, சரிபார்த்தல் என்று நான்கு நிலை சொன்னார். நாம் பி.எட்.டில் படித்ததுதான். உள்வளர்ச்சி என்பது பிரச்சினையை மனதின் ஓரத்தில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் நேரம். சமையலறையைவிட அதற்கு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதலில் பாடத்தை உள்ளே போட்டிருக்க வேண்டும். போடாமல் அரிசி களைந்தால் அரிசி மட்டும்தான் சுத்தமாகும்.

ஆறாம் வகுப்புக் கலவைகளைப் பிரித்தல் பாடம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அரிசியை அரித்துக்கொண்டிருந்தபோது, இதைச் செய்ய நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது என்று தோன்றியது. கையிலிருந்த ஈரத்தோடு நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். அரித்தல், களைதல், இறுத்தல், வடித்தல், சலித்தல், தூற்றுதல். மறுநாள் பிள்ளைகளை வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். முறத்துக்கு மட்டும் புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல் என்று நான்கு சொல் வந்தது. புடைக்கும்போது உமி பறக்கிறது. கொழிக்கும்போது கனத்துக்கு ஏற்ப ஒரு பக்கம் ஒதுங்குகிறது. முறத்தைப் பிடிக்கும் கோணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரு பாட்டியை வகுப்புக்கே அழைத்துச் செய்துகாட்டச் சொன்னோம். பாடநூலில் இருந்த சொற்களைவிடக் கரும்பலகையில் அதிகம் இருந்தன. தமிழாசிரியர் வந்து அதைப் படம்பிடித்துக்கொண்டு போனார்.

இதே வழியில் செம்பருத்தி இதழைத் தேய்த்த காகிதம் எலுமிச்சைச் சாற்றில் சிவந்து, சோப்பு நீரில் பச்சையாவதை எல்லோரும் செய்திருப்பீர்கள். அதை இங்கே விவரிக்கவில்லை. "வீட்டில் வேறு எந்தப் பூ நிறம் மாறுகிறது?" என்ற கேள்வியோடு அனுப்பிப் பாருங்கள். விடை நமக்கே தெரியாத கேள்வியாக இருந்தால் பிள்ளைகளின் வேகம் வேறாக இருக்கிறது.

அந்த முந்திரித் தொழிலாளி அம்மாவின் இளைய மகள் இப்போது என்னிடம் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இந்த மார்கழிக்கு 5-க்கு 5 புள்ளி கொடுத்திருக்கிறேன். ஐந்து இழைகள் வரும். அவற்றை ஒன்றாக்க நான்கே இடம் போதும், அதுவும் நான்கு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்படி போடலாம் என்று அவள் சொல்கிறாள். நான்கு இடம் சரி. ஒரே மாதிரி தெரியுமா என்று நானும் நேற்றிலிருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் வரவில்லை. அம்மாவும் வாசலில் போட்டுப் பார்க்கிறாராம்.